கால்மாட்டில் வைத்த செங்கல்

என்னிடம் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி போன மாதம் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அடையாறில் ஒரு வீடு. பெரியவர் ஒருவர் சட்டைக்கு மேல் தடிமனான கறுப்பு அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். பித்தானை அழுத்தியதும் அங்கி அவரைக் கிடுகிடுவென்று உலுக்குகிறது. அவர் பாட்டுக்குச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சுச் சளியை இளக்குவதற்கான இயந்திரம் அது. கீழே அந்தப் பெண் எழுதியிருந்தாள்: "மேடம், இனிமே நம்ம கைக்கு வேலை இல்லையா?"

இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. நான் ஓய்வு பெற்று கே.கே. நகரில் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரம் நல்லதுதான் என்று பதில் போட்டேன். அவள் விடவில்லை. உங்கள் காலத்தில் வீடு வீடாகப் போய் என்ன செய்தீர்கள், அதை எழுதித் தாருங்கள், புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றாள். சரி, எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி, முழங்கால் என்று போகாமல் நுரையீரல் நோயாளிகளிடம் போய்ச் சேர்ந்தவள். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், தேறினேன், ஒரு பெரிய மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவில் வேலை கிடைத்தது. வேலை கற்றுக்கொண்டது அங்கே தலைமை பிசியோவாக இருந்த தேவகி மேடத்திடம்.

தேவகி மேடம் புதுப்பேட்டைக்காரர். டாக்டர்களிடம் இலக்கணம் பிசகாமல் பேசுவார். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும், "இன்னா நைனா, சளி வந்துகினு கீதா?" என்று ஆரம்பித்துவிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கைகளைக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் யார் முதுகிலும் கை வைப்பார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுப்பதற்கு முன் உள்ளங்கையை நோயாளியின் முதுகில் பதித்து, மூச்சு விடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சளி கட்டிய இடத்தில் கையின் கீழே ஒரு கரகரப்பு ஓடும். எனக்கு அது பிடிபட ரொம்ப நாளானது. சும்மா தலையாட்டி ஏமாற்றப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டில் சளியை வெளியேற்றுவது எப்படி என்று இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வராத வைத்தியமில்லை. கற்பூரவல்லி, மிளகு, வெற்றிலைச் சாறு, இன்னும் என்னென்னவோ. கற்பூரவல்லி ரசம் குடித்து யாரும் கெட்டுப்போனதில்லை, குடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பச்சைக் கற்பூரத்தைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் குழந்தையைப் போர்வைக்குள் அமுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் சொல்லிக்கொடுத்தது எளிமையானது. முதலில் தண்ணீர். உடம்பு வறண்டிருந்தால் சளி கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர்கள் வெதுவெதுப்பாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஆவி. வெறும் தண்ணீர் போதும். அதற்குப் பிறகு அவசரமில்லாமல் ஆழமாகச் சில மூச்சுகள், உள்ளே கொஞ்சம் நிறுத்தி. அடுத்தது ஊதுவது. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் வாயைத் திறந்து 'ஹா' என்று ஆவி படிய ஊதுவோமே, அதையே வயிற்றைச் சேர்த்துக் கொஞ்சம் பலமாகச் செய்வது. அது அடியில் கிடக்கும் சளியை மேலே தள்ளிக்கொண்டு வரும். மேலே வந்த பிறகு ஒரு இருமல் போதும். முகம் சிவக்க மணிக்கணக்கில் இருமுவதால் தொண்டைதான் புண்ணாகும்.

வந்ததைத் துப்ப வேண்டும். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளர் இருந்தார். எல்லாம் ஒழுங்காகச் செய்வார், சளி மட்டும் வெளியே வராது. எங்கே போகிறது என்று கேட்டேன். "இன்னா மேடம், புடவை எடுக்க வந்தவங்க முன்னாடி துப்புவாங்களா? முழுங்கிட்டுத்தான் விலை சொல்றேன்" என்றார். கடையின் சரக்கு அறையில் மூடி போட்ட டப்பா ஒன்றை வைக்க ஏற்பாடு செய்தோம். துப்பினால்தான் நிறத்தைப் பார்க்க முடியும். பச்சையாகவோ நாற்றமாகவோ இருந்தால், ரத்தம் கண்டால், காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தால், கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

இவ்வளவுக்கும் அசையாத சளி சிலருக்கு உண்டு. நுரையீரலின் அடிப்பகுதியில் குழாய்கள் விரிந்து பைபோல் ஆகிவிட்டவர்களுக்குச் சளி அங்கே தேங்கி நிற்கும். அவர்களுக்குத்தான் சாய்த்துப் படுக்கவைத்துத் தட்டுவது. சளி எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதி மேலாகவும் தொண்டை தாழ்வாகவும் இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். தேன் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பதுபோலத்தான். முதுகில் மெல்லிய துண்டு ஒன்றைப் போட்டு, தண்ணீர் அள்ளுவதுபோல் கையைக் குவித்துக்கொண்டு, மணிக்கட்டைத் தளர்த்தித் தட்ட வேண்டும். கை தட்டையாக இருந்தால் 'பளார்' என்று கேட்கும், வலிக்கும். குவிந்திருந்தால் 'டொப் டொப்' என்று கேட்கும். முதுகெலும்பின் மீதும் சிறுநீரகம் இருக்கும் இடத்திலும் தட்டக் கூடாது. சாப்பிட்ட வயிற்றோடு கூடவே கூடாது. தேவகி மேடம் எங்களைத் தன் முதுகிலேயே தட்டவைத்துத் தேர்வு நடத்துவார். "நைனா தூங்கிப்பூடணும், அப்டித் தட்டு" என்பார்.

இப்போது தலையைத் தாழ்த்திப் படுக்கவைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. சிலருக்கு வயிற்றில் இருப்பது மேலேறி வந்துவிடுகிறது, ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது என்று பல காரணங்கள். எல்லாம் சரியான காரணங்கள்தான். நான் சொல்லப்போகும் விஷயம் அது நடைமுறையில் இருந்தபோது நடந்தது.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடியில் வெங்கட்ராமன் சாரும் அவர் மனைவி ஜெயலட்சுமி மாமியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சார் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். இடது நுரையீரலின் அடிப்பகுதி கெட்டுப்போயிருந்தது. மாதம் தவறாமல் காய்ச்சல், மருத்துவமனை, ஊசி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். ஆனால் வலது நுரையீரலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வெட்டினால் மேசையிலிருந்து எழுந்து வருவாரா என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. "கொஞ்ச நாள் வீட்டில் தட்டிப் பார்ப்போம். அடுத்த தடவை வரும்போது சளி குறைந்திருந்தால் கத்தி வேண்டாம். இல்லையென்றால் வேறு வழியில்லை" என்று சொல்லி எங்கள் பிரிவுக்கு அனுப்பினார்.

வாரத்துக்கு இரண்டு நாள் நான் போவது, மற்ற நாட்களில் மாமி செய்வது என்று ஏற்பாடு. முதல் நாள் போய் அறையைப் பார்த்தேன். உள்ளறையில் பழைய இரும்புக் கட்டில் ஒன்றைச் சிகிச்சைக்கென்று போட்டிருந்தார்கள். ஒடுக்கமான அறை. கட்டிலை வடக்கு தெற்காகத்தான் போட முடியும். வடக்குச் சுவரில் ஜன்னலும், ஆவிக்கான கருவியைச் சொருக பிளக்கும் இருந்தன. அதனால் தலைமாடு வடக்கு என்று தீர்மானித்தேன். காவலாளியைக் கூப்பிட்டுத் தெற்கே இருந்த கால்மாட்டைத் தூக்கச் சொல்லி, அந்தப் பக்கத்துக் கால்களுக்குக் கீழே அளந்து செங்கல் அடுக்கினேன். சாரைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்கு அடியில் தலையணை கொடுத்து, தட்டிக் காட்டினேன்.

மாமி பார்த்துக்கொண்டே நின்றார். "இப்படித்தான் படுக்கணுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். இந்தச் சாய்வு முக்கியம், கல்லை நகர்த்திவிடாதீர்கள் என்றேன். தட்டுவதை அவர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். அப்பளம் இட்ட கை, மணிக்கட்டு தளர்வாக இருந்தது.

நான் போகும் நாட்களில் சளி துப்பும் டப்பா பாதி நிறையும். நான் தட்ட ஆரம்பித்ததும் மாமி எழுந்து உள்ளே போய்விடுவார். சளியைப் பார்க்க அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன், அது சகஜம். ஆனால் மற்ற நாட்களில் எவ்வளவு வந்தது என்று கேட்டால், "ஒரு ஸ்பூன் இருக்கும். சில நாள் அதுவும் இல்லை" என்பார். "தினமும் செய்யறீங்களா?" "ரெண்டு வேளையும் பண்றேன் மேடம். கபாலி சத்தியமா." சார் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு நடுவில் ஒரு காய்ச்சல் வந்து போனது. டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தேவகி மேடத்திடம் போய், அவர்கள் செய்வதில்லை என்று நினைக்கிறேன் என்றேன். எத்தனையோ வீட்டில் அப்படித்தான், செய்கிறோம் என்று சொல்வார்கள், செய்ய மாட்டார்கள்.

"செய்றாங்களான்னு கேட்டியா, பாத்தியா?" என்றார்.

"கேட்டேன் மேடம்."

"வா, போய்ப் பாக்கலாம்."

ஆட்டோவில் போனோம். வீட்டுக்குள் போனதும் கையைக் கழுவிக்கொண்டு, சாரைத் தொடாமல், உள்ளறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நாங்க வரலைன்னு நெனச்சுக்கம்மா. தினிக்கும் இன்னா செய்வியோ அத்த அப்டியே செஞ்சு காட்டு" என்றார்.

மாமி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வடக்கே இருந்த தலையணையை எடுத்தார். அதைக் கொண்டுபோய்த் தெற்கே, செங்கல் வைத்து உயர்த்திய பக்கத்தில் போட்டார். சார் ஏறிக் குப்புறப் படுத்தார். தலை மேட்டில், கால் பள்ளத்தில். மாமி துண்டைப் போட்டு, கையைக் குவித்துத் தட்டத் தொடங்கினார்.

அவ்வளவு நல்ல தட்டலை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே சீராக, சரியான இடத்தில், 'டொப் டொப்' என்று. கிணற்றின் அடியில் இருக்கும் தண்ணீரை இன்னும் அடிக்குத் தள்ளுகிற தட்டல். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி நடுவில் வந்துபோன காய்ச்சல் நினைவுக்கு வந்தது. மாமி முழுவதும் தட்டி முடிக்கிறவரை தேவகி மேடம் அவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா தட்டுறம்மா" என்றார். "தலைய ஏன் அந்தாண்ட வெச்சே?"

"வடக்கே தலை வெச்சுண்டு எப்படி மேடம் படுக்கறது?" என்றார் மாமி. கேட்டவுடன் குரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. "எங்கப்பா புது ஆத்துக்குக் குடிபோன அன்னிக்கு ஃபேன் காத்து வரலேன்னு தலகாணியை வடக்கே மாத்திப் போட்டுண்டார். காலம்பற எழுந்துக்கலை. நான்தான் காப்பியை எடுத்துண்டு போய் எழுப்பினேன்."

"சரி. அப்போ கல்ல இந்தாண்ட மாத்திக்கலாமே?"

"மேடம் அளந்து வெச்ச கல்லு. நகர்த்தாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அதை நான் எப்படித் தொடுவேன்?" என்னைக் காட்டிச் சொன்னார். "சாய்வுதானே முக்கியம்னு சொன்னா. சாய்வு அப்படியேதானே இருக்கு."

இரண்டு கட்டளைகள். இரண்டையும் அந்த அம்மாள் மீறவில்லை.

தேவகி மேடம் நாற்காலியைச் சாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், நீங்க பௌதிகம் வாத்தியாராமே" என்றார். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது.

சார் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"மொதல்லேருந்தா?"

"முதல் நாளே தெரியும்." மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "இவங்க வர அன்னிக்கெல்லாம் வடக்கேதான் தலை வெச்சுக்கறேன். அப்போ இவ சுவாமி ரூமுக்குள்ள போய் நின்னுண்டு ஸ்லோகம் சொல்லுவா. திரும்பி வரச்சே கையெல்லாம் ஜில்லுனு இருக்கும். ராத்திரி எழுந்து எழுந்து என் மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்ப்பா. தினமும் அவளை அப்படிப் படுத்த வேண்டாம்னு பார்த்தேன். வாரத்துல ரெண்டு நாள் போறும்னு நெனச்சேன். போறலேன்னா ஆபரேஷன் பண்ணிக்கறது."

கல்லை மாற்றிவைக்கச் சொன்னால் என்ன என்று நான் கேட்டுவிட்டேன்.

"சொன்னா, இத்தனை நாள் பண்ணினது தப்புன்னு தெரிஞ்சுடும். அந்தக் காய்ச்சல் தன்னாலதான் வந்துதுன்னு உருகிப்போயிடுவா" என்றார்.

மாமி அதுவரை துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்திவிட்டார். அவர் அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் அதற்கு முன் எழுந்திருக்காது.

"நாப்பது வருஷம் ஊர்ப் பசங்களுக்கெல்லாம் தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும்னு சொல்லிக்குடுத்தேளே! ஆத்துல இருக்கறவகிட்ட சொல்ல வாய் வரலையா? நான் என்ன குழந்தையா? ரெண்டு வேளையும் கை கடுக்கக் கடுக்கத் தட்டினேனே, ஏன்னா, ஒரு நாளாவது சொல்லப்படாதா?" துண்டைக் கட்டில்மேல் எறிந்தார். "எனக்குப் பயமா இருக்கப்படாதுன்னு உங்க உயிரைக் குடுத்துடுவேளா? அப்புறம் நான் எதை வெச்சுண்டு பயப்படாம இருக்கறது?"

சார் கழற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். தேவகி மேடம்தான் எழுந்தார். "சுகுணா, அந்தப் பக்கம் புடி" என்றார் என்னிடம். சாரை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, நானும் அவரும் கட்டிலைத் தூக்கினோம். மாமி குனிந்து செங்கற்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து வடக்குப் பக்கத்துக் கால்களுக்குக் கீழே அடுக்கினார். ஜன்னலும் பிளக்கும் இப்போது கால் பக்கம் வந்துவிட்டன. ஒயரை நீட்டிக்கொண்டால் ஆயிற்று. அதை நான் முதல் நாளே செய்திருக்கலாம், யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்.

சாரை மறுபடி படுக்கவைத்தோம், தலை தெற்கே, தாழ்வாக. மாமிதான் தட்டினார். கோபம் அடங்கவில்லை, ஆனாலும் கை சீர் தவறவில்லை. கொஞ்ச நேரத்தில் சார் கையை உயர்த்தினார். டப்பாவை நீட்டினேன். வந்துகொண்டே இருந்தது. தேவகி மேடம் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "கீது பார், எம்மாஞ் சரக்கு" என்றார். மாமி அப்போதுதான் அழுதார்.

அதற்குப் பிறகு அதிசயமாக எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. நுரையீரல் அப்படி நடந்துகொள்ளாது. ஒரு வாரம் ஏராளமாக வந்தது. பிறகு குறைந்தது. நாற்றம் போனது. காலையில் படியிறங்கித் தெருமுனைவரை போய்வர முடிந்தது. ஆனால் இழந்த நாட்கள் இழந்தவைதான். டாக்டரைப் பார்க்கும் நாளன்று எக்ஸ்ரேயில் பாதி தெளிந்தும் பாதி தெளியாமலும் இருந்தது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முடிவெடுக்கலாம் என்பதுபோல.

நானும் உடன் போயிருந்தேன். டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சாரிடம் திரும்பி, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"பரவாயில்லை டாக்டர்" என்று ஆரம்பித்தார் சார்.

மாமி கையை நீட்டி அவரை நிறுத்தினார். "அவரைக் கேக்காதேங்கோ டாக்டர். அவர் எனக்காகப் பரவாயில்லைம்பார். என்னைக் கேளுங்கோ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். மாமி சொன்னார். காலையில் எவ்வளவு வருகிறது, சாயங்காலம் எவ்வளவு, என்ன நிறம், எந்தப் பக்கம் படுத்தால் கூடுதலாக வருகிறது, எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார், முந்தின செவ்வாய்க்கிழமை உடம்பு லேசாகச் சுட்டது, அதை அவர் மறைத்தது, தான் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது. நல்லதையும் சொன்னார், கெட்டதையும் சொன்னார். குரல் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் எதையும் விடவில்லை. டாக்டர் இரண்டொரு கேள்வி கேட்டார். பிறகு, இப்படிப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போது கத்தியைத் தள்ளிப்போடலாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். கூட்டம் போய்வந்துகொண்டிருந்தது. சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அப்படிப் பிடிக்கிறவர்கள் இல்லை அவர்கள்.

"இனிமே எனக்குப் பயம்னு எதையும் மறைக்காதேங்கோ. நான் பயந்துண்டே தட்டறேன். நீங்க இருந்தா போறும்."